காட்டு முயல் கேட்ட சம்பந்தி

அக்காவுக்குத் தட்டு மாற்ற வந்தவர்களுக்கு ஆட்டுக்கறி போதவில்லை. "உங்க முந்திரிக்காட்டுல முயலு ஜாஸ்தியாமே?" என்று மாப்பிள்ளையின் அப்பா முந்தின நாள் போனில் சிரித்தார், அவ்வளவுதான். அம்மாவின் தம்பியான மாமா, பைக்கின் பழைய பிரேக் ஒயரில் சுருக்கு வைத்து ஒன்றைப் பிடித்துவிட்டார். ஐந்தாம் வகுப்பில் இருந்த எனக்கு அவரைவிடப் பெரிய வீரர் யாருமில்லை.

காலையில் வந்திறங்கிய மாப்பிள்ளை, செத்த முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி, தானே வேட்டையாடியவர் போலப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டார்.

பின்கட்டில் அதன் வயிற்றைக் கிழித்தபோது உள்ளே குட்டிகள் இருந்தன. பட்டுச்சேலையோடு நின்ற அக்கா, "செனையா இருந்திருக்கும்மா. இத சமைக்காத" என்றாள்.

"வாய மூடு. அவுங்க காதுல விழப்போவுது" என்றாள் அம்மா. கறி அடுப்பில் ஏறியது.

நல்ல நேரம் சாப்பாட்டுக்குப் பிறகுதான். எல்லோரும் சாப்பிட்டு, தாம்பூலத் தட்டுகளை எடுத்து வைக்கும்போது வனத்துறை ஜீப் வந்து நின்றது. படத்தைப் பார்த்த யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"முயலுதான சார்?" என்றார் மாமா.

"முயலுக்கும் சட்டம் இருக்குய்யா. ஜெயிலுக்குப் போவணும், தெரியுமா?" என்றார் ரேஞ்சர்.

மாப்பிள்ளையின் அப்பா ஏப்பத்தை அடக்கிக்கொண்டு, "புடிச்சது அவருதாங்க. நாங்க விருந்தாளிங்க, என்ன கறின்னே தெரியாது" என்றார். மாப்பிள்ளை தலையைக் குனிந்து படத்தை அழித்துக்கொண்டிருந்தார்.

அக்கா கூடத்துக்கு வந்தாள். "மாமா புடிச்சது தப்புதான் சார். ஆனா கேட்டது இவுங்க. படம் எடுத்தது இவுரு. தின்னுட்டு இப்ப தெரியாதுங்கறாங்க."

அம்மா அவளை எல்லோர் முன்னாலும் அறைந்தாள்.

மாமாவோடு மாப்பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அபராதம் கட்டி இருவரும் வெளியே வந்தார்கள், சம்பந்தம் முறிந்தது. சொந்தக்காரர்கள் இன்றும் 'முயலால் நின்ற கல்யாணம்' என்கிறார்கள். முயல் என்ன செய்தது?

அன்றைக்கு எனக்கு ரேஞ்சர் மேல் கோபம். மாமாவைக் காட்டிக்கொடுத்த அக்கா மேல் அதைவிடக் கோபம். வீடே அழுதுகொண்டிருந்தபோது அவள் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்து, ரசம் ஊற்றி வயிறாரச் சாப்பிட்டாள். கல்யாணம் நின்றுபோனவளுக்கு எப்படிப் பசிக்கிறது என்று எனக்கு அன்று புரியவே இல்லை.