ஊதாத விசில்

மாரடைப்பு வந்து ஏழு மாதம் வீட்டில் கிடந்த டிரைவர் இன்றைக்குக் காக்கிச் சட்டையைப் போட்டபோது, அது தோளிலிருந்து தொளதொளவென்று தொங்கியது. மனைவி நாக்கடியில் வைக்கும் மாத்திரையை அவர் பையில் திணித்தாள்.

"வேணாம்னு சொன்னா கேக்கவா போறீங்க?"

"இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினவன். வீட்டுல உக்காந்து ஒட்டடையை எண்ணச் சொல்றியா?"

எண்ணிக்கொண்டுதான் கிடந்தார், பாவி மனுஷன்.

டிப்போவில் ஒரு விதி. உடம்பு தேறி வருகிறவர், அதிகாரி பக்கத்தில் இருக்க, பயணிகளோடு ஒரு நடை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் வண்டி. இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை டயர் கிடங்கில் காவல்.

பின்படியில் பழைய கூட்டாளி கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கிளம்பு. விசில் இல்லாமல் டிரைவர் நடுவழியில் நிறுத்தியது ஒரே ஒரு நாள்தான். பாலத்தின் மேல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் உரசி நிறுத்திய நாள்.

பாதி தூரம் வண்டி சொன்னபடி கேட்டது. அதிகாரி கொட்டாவிகூட விட்டார். அதே பாலம் வந்தது. ஒரு விசில் கேட்டது. நிறுத்தினார்.

"இங்க ஏதுப்பா ஸ்டாப்பு?" என்று யாரோ கத்தினார்கள்.

"ஏன்யா நிறுத்தினே?" என்றார் அதிகாரி.

"விசில் அடிச்சான் சார்."

சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். கண்டக்டர் கூட்ட நடுவே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். வாயில் கடித்திருந்தது பேனா. விசில் சட்டைப் பையில் கிடந்தது.

கண்டக்டர் பேனாவை எடுத்தான். "ஆமா சார், நான்தான் அடிச்சேன். யாரோ இறங்கணும்னாங்கன்னு நெனச்சுட்டேன். போலாம்ணே."

அடேயப்பா, பொய் சொல்லவே தெரியாதவன்! டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி தலையாட்டினார். கண்டக்டர் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினான்.

கால் நகரவில்லை. நெஞ்சில் வலி ஒன்றுமில்லை, பயம்தான். கண்ணாடியில் நாற்பது தலைகள். ஒருத்தி மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

இன்ஜினை அணைத்தார்.

"அவன் அடிக்கல சார். எனக்குத்தான் கேட்டுச்சு."

மாற்று டிரைவர் வர அரைமணி ஆனது. இவர் மூன்றாவது வரிசையில் பயணியாக உட்கார்ந்தார். கண்டக்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் இரண்டு விசில் அடித்தான்.

அவருடைய வலது கால் தரையை அழுத்தியது.