பழம் பழுக்கும் வரை லீவு கிடையாது

பேரீச்சந்தோட்டத்தில் அறுப்புக்கு முந்தைய ஆறு வாரம் இருக்கிறதே, அதில் அவசரப்படாமல் இருப்பது பழம் ஒன்றுதான்.

கம்பம் பக்கத்தில் திராட்சையோடு மல்லுக்கட்டிவிட்டு நான் அபுதாபியைச் சேர்ந்த அல் ஐனுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இப்போது நானூறு மரத்துக்கு ஃபோர்மேன். குலைகளில் நெருக்கமான காய்களைக் கலைத்துவிட்டு, வலைப்பையும் கட்டிவிட்டால் அப்புறம் என்ன வேலை, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். அந்தச் சும்மா உட்காருவதுதான் ஐயா கஷ்டமே. பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்குள் அனுப்பிவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறீர்களா? அதை ஆறு வாரம் நின்று பாருங்கள், எங்கள் பிழைப்பு புரிந்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் ஒரே ஒரு சட்டம். அறுப்பு முடிகிற வரை யாருக்கும் லீவு கிடையாது. இந்த வருஷம் அந்தச் சட்டம் காளிமுத்துவின் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. முதுகுளத்தூர்க்காரன். மரம் ஏறுவதில் அவனை அடிச்சுக்க ஆள் இல்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அவன் சம்சாரம் உண்டாகியிருந்தாள். டாக்டர் குறித்துக்கொடுத்தது செப்டம்பர் பத்து. ஆகஸ்ட் இருபத்தைந்துக்குள் அறுப்பு முடிந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதை நம்பி இருபத்தெட்டுக்கு டிக்கெட் போட்டிருந்தான்.

தினம் ஒரு போன்

சுல்தான் பாய் பர் துபாயில் பேரீச்சம்பழக் கடை வைத்திருக்கிறார். கீழக்கரைக்காரர், தங்கமான மனுஷன். ஆனால் ஜூலை பிறந்துவிட்டால் காலை ஏழு மணிக்கு டாணென்று போன் வந்துவிடும். "தம்பி, பழுத்துருச்சா?" என்பார். "இல்ல பாய்" என்பேன். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். சலாம் சொல்ல மறந்தாலும் இதைக் கேட்க மறக்க மாட்டார்.

ஒருநாள் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. "பாய், நீங்க இப்படித் தினம் கேட்டா அது வெட்கப்பட்டுக்கிட்டே பழுக்காது" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகுதான் வயசில் பெரியவராயிற்றே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "கடைக்கு வர்ற ஜனம் என்னையக் கேக்குது, நான் உங்களக் கேக்குறேன். நீங்க போய் மரத்தைக் கேளுங்க தம்பி, என் வேலை அதோட முடிஞ்சுது."

மீட்டரும் நாக்கும்

பழத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஒரு மீட்டர் வாங்கியிருந்தேன். சாற்றை ஒரு சொட்டு விட்டால் நம்பர் காட்டும். தினம் பத்து மரத்தில் பழம் பறித்து, நம்பரை நோட்டில் எழுதி, என்னமோ விஞ்ஞானி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அர்பாப் எங்கள் முதலாளி. எழுபது வயசு, இன்னமும் பிக்கப்பைத் தானே ஓட்டிக்கொண்டு தினம் விடிந்ததும் வந்துவிடுவார். பேசுவது பாதி இந்தி, பாதி அரபி. உங்கள் வசதிக்குத் தமிழிலேயே சொல்கிறேன். நோட்டை நீட்டினேன், வாங்கக்கூட இல்லை. ஒரு பழத்தை வாயில் போட்டு மென்றார், கொட்டையைத் துப்பினார். "ரெண்டு வாரம்" என்றார். என் கணக்கிலும் அதே ரெண்டு வாரம்தான் வந்திருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "மீட்டரும் அதையேதான் சொல்லுது அர்பாப்" என்றேன். அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே சொன்னார்: "அப்படின்னா மீட்டர் பரவாயில்லை, வேலைக்கு வெச்சுக்க."

பாத்தியில் புல்

அடுத்த வாரம் அந்த மீட்டரே மக்கர் பண்ண ஆரம்பித்தது. நாலு வரிசை மரத்தில் மட்டும் நம்பர் ஏறவே இல்லை. கழுவினேன், பேட்டரி மாற்றினேன், தட்டிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். கடைசியில் எரிச்சலோடு தரையைப் பார்த்தால், கல்லு பொரிகிற ஆகஸ்ட் வெயிலில் பாத்தி முழுக்கப் பச்சைப் புல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பழம் பழுக்கிற கடைசி வாரங்களில் தண்ணீரைச் சுருக்கிவிட வேண்டும். அப்போது தண்ணீர் விட்டால் பழம் ஊதி வெடிக்கும், பழுப்பது தள்ளிக்கொண்டே போகும். ஆகஸ்ட் பிறந்ததுமே நான் வால்வை அடைத்துவிட்டேன். அப்புறம் இது யார் வேலை? மதியம் வெயில் நேரத்தில் ஆட்களுக்கு ஓய்வு, எல்லோரும் ரூமில் படுத்திருப்பார்கள். நான் மட்டும் பம்ப் ரூமுக்குள் வேர்த்து ஒழுக உட்கார்ந்து காவல் காத்தேன். ஒரு மணி இருக்கும், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காளிமுத்து வந்தான். சாவகாசமாக அந்த நாலு வரிசைக்கான வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அறிவிருக்காடா உனக்கு? அறுப்பு ரெண்டு வாரம் தள்ளிப்போச்சுன்னா யாரு லீவுடா போகுது? உன் லீவுடா. புள்ள பொறக்குற அன்னிக்கு நீ இங்க மரத்துல தொங்கிக்கிட்டு இருப்படா" என்று கத்தினேன். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளிறிப்போய் எழுந்து நின்றான். அப்புறம் சொன்னான்: "மட்டையெல்லாம் துவண்டு கெடக்குண்ணே. பத்துக் குலையைச் சொமந்துக்கிட்டு நிக்கிதுக, ஒரு வாய் தண்ணி குடுக்காம எப்படிண்ணே இருக்கிறது? ஊர்ல எம் பொண்டாட்டியும் இப்படித்தாண்ணே சொமந்துக்கிட்டு, எந்நேரமும் தண்ணி தண்ணின்னு கேக்குறா."

வால்வு லீக்

மறுநாள் அர்பாப் அந்த நாலு வரிசையில் ஒரு பழத்தை வாயில் போட்டார். முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். "வால்வு லீக் அர்பாப்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் நின்ற காளிமுத்து சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? நெஞ்சில் கை வைத்து, தனக்குத் தெரிந்த ஓட்டை இந்தியில், தான்தான் திறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டான். ஏன் என்று கேட்டார் அர்பாப். மரம், குலை, ஊரில் இருக்கிற சம்சாரம் எல்லாவற்றையும் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். 

அர்பாப் கொட்டையைத் துப்பினார். குழந்தை எப்போது என்றார். செப்டம்பர் பத்து என்றேன். இனி அறுப்பு எப்போது முடியும் என்றார். அதுவும் செப்டம்பர் பத்துதான் என்றேன். "இவன் இங்க இருந்தா நாளைக்கும் வால்வைத் திறப்பான். பழம் அடுத்த வருஷம்தான் பழுக்கும். யல்லா, முதல்ல இவனை ஃப்ளைட்ல ஏத்து" என்றார். காளிமுத்து வேலை போய்விட்டது என்று நினைத்து அழத் தொடங்கினான். லீவுதான்டா என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கு இன்னொரு கவலை வந்தது. "அப்ப மரம் யாரு ஏறுறது அர்பாப்?" என்று கேட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "வால்வு லீக்னு சொன்னவன் ஏறட்டும்."

பாதி மரத்தில் வந்த போன்

காளிமுத்து பதினாறாம் தேதி ஊருக்குப் போனான். மற்ற வரிசைகளில் அறுப்பு தொடங்கியிருந்தது. இருபதாம் தேதி காலை, எட்டு வருஷத்துக்கு அப்புறம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, தொந்தி மரத்தில் உரச உரச, பாதி மரம் வரைக்கும் ஏறியிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. காளிமுத்து. முதலில் அழுகைதான் கேட்டது.  அப்புறம்தான் பேச்சு வந்தது. மூன்று வாரம் முன்னாடியே பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகம்.

பழம் நான் சொன்ன தேதிக்குப் பழுத்திருந்தால், அன்றைக்கு இந்த மரத்தில் கத்தியும் கையுமாக இருந்திருக்க வேண்டியவன் அவன். அதை நினைத்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. துடைக்கவும் வழியில்லை, ஒரு கையில் போன், இன்னொரு கையை மரத்திலிருந்து எடுத்தால் விழ வேண்டியதுதான். மரத்தைக் கட்டிப்பிடித்தபடியே அழுதேன். அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "டாக்டரம்மா சொன்ன தேதியும் தப்பு, நீங்க சொன்ன தேதியும் தப்புண்ணே. அர்பாப் மட்டும் வெரட்டி விடலேன்னா எம்புள்ளைய நான் போன்லதாண்ணே பாத்துருப்பேன்."

எது எப்போது பழுக்கும் என்று சொல்லித்தான் பத்தொன்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். சொன்ன தேதிக்குத் தவறாமல் வந்தது இதுவரை அந்தச் சம்பளம் ஒன்றுதான்.