சூட்டைத் தாங்கிய நொதி

கணவனின் காரியம் முடிந்த மறுவாரமே அமுதவல்லி வேலைக்கு வந்துவிட்டாள். அதியமான்கோட்டையில் நொதி தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் ஆய்வகம் அது. கணவன் மாதவராஜ் ஏரியூர்ப் பக்கத்துக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, மாவு ஆலைகளுக்கு லாரியில் கொண்டுபோனவன். தொப்பூர் இறக்கத்தில் லாரி கவிழ்ந்தது. அவள் அழவில்லை. அதை ஊர் பேசியது; அந்தப் பேச்சும் அவளுக்கு உறைக்கவில்லை.

வேலை விட்ட இடத்திலேயே கிடந்தது. கிழங்கு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் களியாக இறுகிவிடும். அதை இளக்கிப் பாகாக்க நொதி வேண்டும். ஆலைகளில் இருந்த நொதியோ கொதிக்கும் கரைசலின் சூட்டில் செயலற்றுப் போனது. அதனால் அதன் மரபணுவை வேண்டுமென்றே பிழைகளோடு படியெடுத்து, பாக்டீரியாவுக்குள் செலுத்தி வளர்த்தார்கள். ஒவ்வொன்றும் சற்றே மாறிய நொதியைச் செய்யும். சூட்டைத் தாங்கியதை மட்டும் எடுத்து, அதில் மறுபடி பிழைகளைப் புகுத்துவார்கள். மறுபடி சூடு. மறுபடி பொறுக்கல்.

பொறுக்குவது அமுதவல்லியின் பங்கு. மாவு கலந்த தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, சூடு காட்டி, அயோடின் ஊற்றினால் கருநீலமாகும். நொதி தாக்குப்பிடித்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் நீலம் பிடிக்காது. ஒரு வட்டம் தெரியும்.

அன்று தட்டுகளைச் சூட்டடுப்பில் வைத்துவிட்டு, நெடுஞ்சாலை லாரிகளைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்யும் கலைமதி வந்து தோளைத் தொட்டாள்.

"அக்கா, தட்டெல்லாம் இன்னுமா எடுக்கல? அத்தனையும் வெந்திருக்குமே!"

"வெந்திருக்கும்."

அயோடின் ஊற்றினார்கள். தட்டுத் தட்டாக நீலம். ஒன்றில் மட்டும் ஓரமாக, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வட்டம். கலைமதி வாயைப் பொத்திக்கொண்டாள். சூடு காட்டாமல், அதே பாக்டீரியாவை உயிரோடு வைத்திருந்த நகல் தட்டில் அதே இடத்தைத் தேடி, அமுதவல்லி குச்சியால் தொட்டெடுத்தாள். பிறகு மேலாளர் சந்திரமோகனிடம் போய் நின்றாள்.

"எடுக்க மறந்துட்டேனுங்க சார்."

"தெரிஞ்சு வெச்சிருந்தா இவ்வளவு நேரம் சூட்டுல விட்டிருக்கவே மாட்டோங்க" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து, பென்னாகரம் சாலையிலிருந்த மாவு ஆலையில் அந்தப் புது நொதியைச் சோதித்தார்கள். களியாய்க் குமிழியிட்ட கரைசலில் நொதியை ஊற்றினார்கள். திணறிச் சுற்றிய துடுப்பு மெல்ல வேகம் பிடித்தது. கெட்டி இளகிக் கஞ்சித்தண்ணீர் போல ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

வெளியே கிழங்கு லாரிகள் நின்றன. எடை போடும் முனிராஜ் அவளிடம் வந்தார்.

"நீங்க மாதவராஜ் வூட்டுக்காரம்மா தானுங்களே?"

"ஆமாங்க."

"லோடு எறங்கற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பாருங்க. 'எங்க வூட்டுக்காரி லேபுல கிருமி வளக்கறா'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. நாங்க சிரிப்போம். அவரு விடமாட்டாரு."

அவர் தந்த டீ ஆறும்வரை கையிலேயே இருந்தது.

"அப்படியா சொன்னாரு?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் ராமக்காளிடம் அதைச் சொன்னாள். கிழவி முந்தானையில் முகம் புதைத்து அழுதாள். அமுதவல்லி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வயிறு பசிப்பது தெரிந்தது. எழுந்து போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.