கிணற்றுக்காக விட்ட உப்பு

எங்கள் தோட்டத்துக் கிணற்றை யாராவது "உங்க வீட்டுக்காரர் வெட்டுன கெணறு" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வெட்டியது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கிணற்றில் எனக்கும் பங்கு உண்டு, அது கல்லும் மண்ணும் கூடையில் சுமந்த பங்கு மட்டுமல்ல. அதை என் வாயால் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையை ஒட்டி, சிறுமலையைப் பார்த்தபடி எங்கள் நிலம் கிடந்தது. மழை பெய்தால் சோளம், கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. கிணறு வெட்டியே தீருவது என்று என் கணவரும் அவருடைய இரண்டு தம்பிகளும் இறங்கினார்கள். மண் சீக்கிரமே முடிந்துபோய்ப் பாறை வந்துவிட்டது. உளியும் சம்மட்டியுமாகக் குழி போட்டு, வேட்டு வைத்து, உடைந்த கல்லை நானும் என் மாமியாரும் ஊர்ப் பெண்கள் சிலரும் சுமந்து மேலே கொட்டினோம். தண்ணீர் மட்டும் வரக் காணோம்.

ஊரில் சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். அவருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் ஊர் பார்க்கச் சூடத்தை அணைத்து, "தண்ணியக் காணுற வரைக்கும் உப்பத் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் உப்பை விடுவது பெரிய விரதம். சிரித்தவர்கள் அன்றோடு வாயை மூடினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படி ஒரு வைராக்கியக்காரருக்கு வாக்கப்பட்டிருக்கிறோம் என்று பெருமை. அவருக்கென்று தனியாக உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். கஞ்சியிலும் உப்பில்லை, மோரிலும் இல்லை.

சித்திரை வெயில் பாறையில் இறங்கி, கிணற்றுக்குள் அடுப்புச் சூடு. வேர்த்துக் கொட்டுகிற மனுஷனுக்குத் தண்ணீரையாவது குறைவில்லாமல் கொடுப்போம் என்று, தூரத்துக் கிணற்றில் போய் நல்ல தண்ணீர் எடுத்து வந்து குடம் குடமாக இறக்கினேன். அவரும் மடமடவென்று குடித்தார். குடிக்கக் குடிக்கத்தான் அவர் சோர்ந்தார். முதலில் கெண்டைக்காலில் பிடித்து இழுத்தது. பிறகு விரல்கள் மடங்கிக்கொண்டு நிமிரவில்லை. தலைவலி என்றார், குமட்டுகிறது என்றார். அதே குழியில், அதே வெயிலில், அதே தண்ணீரைக் குடித்த தம்பிகள் இருவரும் கல்லுப்போல நின்றார்கள்.

"எம் மகனுக்குக் கண்ணு பட்டிருச்சு. ஊரே வாயில போட்டு மென்னா படாம என்ன செய்யும்?" என்றார் மாமியார். கை நிறையக் கல் உப்பும் மிளகாயும் எடுத்து அவர் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். உப்பு படபடவென்று வெடித்தது. அந்த மனுஷனுக்குள்ளே போக வேண்டியதை நாங்கள் வெளியே சுற்றி நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தோம். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் அவர் குழிக்குள் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ உளறினார். தம்பிகள் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். வண்டி மாட்டை விரட்டிக்கொண்டு திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழி முழுக்க நான் அழுதுகொண்டே வந்தேன், வாய்க்கு வந்தபடி அம்மனைத் திட்டிக்கொண்டும் வந்தேன்.

டாக்டர் என்னைத்தான் கேட்டார். "குடிக்கத் தண்ணி குடுத்தியாம்மா?"

"கொடம் கொடமாக் குடுத்தேன் சார்."

"உப்பு?"

விரதத்தைச் சொன்னேன். டாக்டர் என் கணவரின் நீல டவுசரைக் காட்டினார். காய்ந்த வேர்வை அதில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. "இதெல்லாம் அவர் உடம்புல இருந்த உப்பு. வேர்வையோட அதுவும் வெளிய போகுது. நீ வெறும் தண்ணியா ஊத்த ஊத்த, மிச்சமிருக்கிற உப்பும் நீர்த்துப்போகுது. கை கால் மடங்கி நிமிரணும்னா உப்பு வேணும். மூளைக்கு வேணும். நெஞ்சு அடிக்கிறதுக்கே வேணும். நாம போடுற உப்பு மட்டும் இல்ல, இளநீர்ல, வாழைப்பழத்துல, மோர்ல எல்லாம் வேற வேற உப்பு இருக்கு. அத்தனையும் அளவோட இருந்தாத்தான் குடிக்கிற தண்ணி உடம்புக்கு உதவும்" என்றார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அளவாக வைத்த குழம்பில் விருந்தாளி வந்துவிட்டாரென்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? அதுதான் அவருக்கும் ஆகியிருந்தது.

பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஊசி வழியாக ஏற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். பாட்டிலில் இருப்பது உப்புத் தண்ணீர் என்று தெரிந்ததும் பதறிவிட்டார். "ஐயோ, வெரதத்தக் கெடுத்துட்டீகளே!"

"சும்மா கெட அப்பு. நாக்குல பட்டாத்தான் கணக்கு. நரம்புல போனது ஆத்தா கணக்குல சேராது" என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் மறுபடி சம்மட்டியை எடுத்தார். உப்பு மட்டும் வேண்டாமாம். எனக்கு வந்ததே கோபம்! உப்புப் போட்டுத் தின்கிறவனுக்குத்தான் ரோஷம் வரும் என்பார்கள், இவருக்கு உப்பில்லாமலே இத்தனை ரோஷம். "இன்னொருக்க உங்களக் கயிறு கட்டித் தூக்க முடியாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, இவுக வெரதத்த நான் எடுத்துக்கிட்டேன். தண்ணியக் காணுற வரைக்கும் நான் உப்பத் தொடல. வேர்வை சிந்துறவுகளுக்கு உப்ப விட்டுக் குடு" என்று சூடத்தை அணைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் அவர் முகம் கறுத்துப்போனது. "ஊருல என்னைய என்ன பேசுவாங்கெ? நாந்தான் வெரதம்னு எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சபடியே தெரியட்டும். நீ வெளிய மூச்சு விடாத புள்ள" என்று மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் எனக்குக் கசந்தது. விரதம் நான் இருக்க, பேர் அவருக்கா? ஆனாலும் மனுஷன் உயிரோடு இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவர் எதிரில் பழைய சோற்று நீச்சத்தண்ணீரை வைத்து, கல் உப்பைப் போட்டுக் கலக்கி, உரித்த சின்ன வெங்காயத்தோடு நீட்டினேன். தலையை நிமிர்த்தாமல் குடித்தார். நடுவில் மோர், சாயங்காலம் சிறுமலை வாழைப்பழம், கிடைத்த நாளில் இளநீர். தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் உப்புக் கஞ்சியும் கூடவே இறங்கியது. கால் பிடித்து இழுக்கவில்லை. சம்மட்டிச் சத்தம் மேலே நின்ற எனக்குப் பழையபடி கணீரென்று கேட்டது.

நான் கூடையைத் தொடவில்லை. வெயிலில் வேர்க்கிற வேலையும் வைத்துக்கொண்டு உப்பையும் விட்டால் அடுத்த வண்டி எனக்குத்தான் என்று தெரியாதா? என் கூடையை மாமியார் சுமந்தார். நான் புளிய மரத்து நிழலில் சோறாக்கினேன். உப்பில்லாத கீரையும் உப்பில்லாத மோரும் ருசியில்லாமல்தான் இருந்தன. "மருமக நோகாம நெழல்ல ஒக்காந்துட்டா" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆடி பிறப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பாறை வெடிப்பில் ஊறி, மத்தியானத்துக்குள் கணுக்கால் நனைய நின்றது. அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பொங்கல் வைத்தோம். சிரித்தவர்கள் உட்பட ஊரே வந்திருந்தது. உப்பு விரதம் முடித்தவருக்குப் பூசாரி ஒரு கல் உப்பை அம்மன் காலடியிலிருந்து எடுத்து முதலில் கொடுப்பது வழக்கம். பூசாரி உப்பை எடுத்துக்கொண்டு என் கணவரைப் பார்த்து வந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் கையை நீட்டவில்லை. ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"எனக்கில்ல பூசாரி. அவகிட்டக் குடுங்க. வெரதம் இருந்தவ அவதான். நான் தெனமும் உப்புக் கஞ்சி குடிச்சுத்தான் வெட்டுனேன்" என்றார், கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

கூட்டம் எனக்கு வழிவிட்டது. நான் நடந்துபோய்க் கையை நீட்டி அந்த உப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.