வானத்தை மட்டும் வைத்து எடுத்த படம்

இந்த ஊரில் மழை பெய்தால் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊர் இது. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். காலையில் மழைக்கோட்டை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவர் 'சாரி அபவுட் த வெதர்' என்பார், மேகத்தை அவரே போய் இழுத்து வந்ததுபோல. பதினோரு வருடமாகியும் இதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கோவில்பட்டியில் மேகம் கறுத்தால் பஜாரே வாசலுக்கு வந்து அண்ணாந்து நிற்கும். கரிசலில் மழை விழுந்தால்தான் எங்கள் கடையில் துணி விற்கும் என்பதால், என் அத்தா வானத்தைப் பார்த்துத்தான் தீபாவளிச் சரக்குக்கு ஆர்டர் கொடுப்பார். அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. இங்கே விடுமுறை நாளில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். கூரை போன கல் தேவாலயம், புல் முளைத்த சுண்ணாம்புக் காளவாசல், கடற்பாசி அள்ளுகிறவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே முக்கால் படத்துக்கு மேகம். ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளை பார்டர் போட்டு, அடியில் பெயரும் தேதியும் எழுதி வைப்பது என் வழக்கம். அந்த ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது.

மாரிச்சாமியைத் துறைமுகத்தில் வைத்துத்தான் தெரியும். காற்றில் லென்ஸ் மூடி உருண்டு ஓட, நான் அதைத் தமிழில் திட்டிக்கொண்டே விரட்ட, வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒருவன் காலால் அதை மிதித்து நிறுத்தினான். 'அக்கா, நம்ம ஊர்ப் பக்கமா?' என்றான். எப்போதும்வென்றான் என்ற ஊர்க்காரன். மானாவாரி விவசாயக் குடும்பம். கடலுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏஜென்ட் ஒருவன் மூலம் வந்து மீன்பிடிப் படகில் ஏறியவன். ஒரு தடவை போனால் நாலைந்து நாள் கழித்துத்தான் கரை. இதையெல்லாம் வீட்டில் அவன் சொல்லவில்லை. கரையில் ஒரு மீன் கம்பெனியில் பெட்டி அடுக்குவதாகச் சொல்லியிருந்தான்.

போன மாதம் அவன் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. 'அம்மா என் மொகத்தப் பாக்கணும்னு கெடந்து துடிக்கா. ஒரு படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்புங்கக்கா. கடல் தெரியக் கூடாது. படகு, கயிறு, ஒண்ணும் தெரியக் கூடாது' என்று அண்ணன் நம்பரை எழுதிக் கொடுத்தான். துறைமுகத்தில் நின்றுகொண்டு கடல் தெரியாமல் படம் எடுப்பது லேசான வேலையா? கடைசியில் நான் முழங்காலிட்டுக் கீழேயிருந்து மேல்நோக்கி எடுத்தேன். அவன் முகம், பின்னால் வானம், அவ்வளவுதான். நம் ஆட்களைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் நின்றான். மறுநாள் விடிகாலை அவன் படகு கிளம்பிவிட்டது. நான் வழக்கம்போலப் பார்டர் போட்டு, அடியில் 'மாரிச்சாமி' என்றும் தேதியும் எழுதி, டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் வேறு ஒரு வார்த்தைகூட எழுதாமல் அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் பெண்கள் அலறும் சத்தம். அதற்குமேல் ஒரு ஆண்குரல், நடுங்கிக்கொண்டு: 'யம்மா, கம்பெனிலருந்தா பேசுதீங்க? எந்தம்பி பொட்டிய எப்ப அனுப்புவீங்க?'

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது கையிலிருந்த மாத்திரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஸ்டாண்ட் சுவர் முழுக்க நான் தினமும் பார்த்தவைதான். நீல வானம், வெள்ளை மேகம், நடுவில் சிரிக்காத முகம், கீழே பெயர், தேதி. கண்ணீர் அஞ்சலி போர்டு. எங்கள் ஊரில் வானத்தைப் பின்னால் வைத்து யாரும் உயிரோடிருப்பவனைப் படம் எடுக்கமாட்டார்கள். முஸ்லிம்களான எங்கள் வீட்டில் இறந்தவர் படத்தை மாட்டி மாலை போடும் வழக்கம் இல்லை, அத்தா போனபோதுகூட ஒரு படம் மாட்டவில்லை. அதனால் அந்தச் சுவர்களை நான் ஊர்க்காரியாகப் பார்த்தேனே தவிர, இழவு வீட்டுக்காரியாகப் பார்த்ததில்லை. தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து இப்படி ஒரு படம் வந்தால் ஒரு தாய் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்காக இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

'அய்யய்யோ, அவன் நல்லாருக்கான் அண்ணாச்சி! சும்மா எடுத்த படம்' என்று கத்தினேன்.

'அப்ப அவன்ட்ட போனக் குடுங்க.'

'வேலைல இருக்கான்.'

'ராத்திரி குடுங்க.'

'ராத்திரியும் வேலைதான்' என்றேன். என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது.

அன்று சாயங்காலமே காற்று கிளம்பியது. மறுநாள் போனில் ஆரஞ்சு நிறப் புயல் எச்சரிக்கை வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்குகிறது. துறைமுக அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெரியவர் படகின் பெயரைக் கேட்டுவிட்டு, நேற்று ரேடியோவில் பேசினார்கள், அதற்குப் பிறகு பேச்சில்லை, ஏதாவது தீவுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பார்கள் என்றார். 'ஷி வில் பி கிராண்ட்' என்றார். இங்கே படகைப் பெண்ணாகத்தான் சொல்வார்கள், நல்லாயிருக்கும் என்பதற்கு எப்போதும் கிராண்ட்தான். பிறகு, 'ஆர் யூ த வைஃப்?' என்றார். இல்லை, நெய்பர் என்றேன். எந்தத் தெரு என்றார். என் ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்தார். ஏதோ ரகசியக் காதலி என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று குடித்தேன்.

அண்ணன் பெயர் முத்துராஜ். மணிக்கொரு தடவை கூப்பிட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதுப்பொய் சொன்னேன். ஷிப்ட் மாறிவிட்டது, போன் கடை பூட்டியிருக்கிறது, அவனுக்குக் காய்ச்சல், தூங்குகிறான். காய்ச்சல் என்று சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நோயாளிகளின் பிள்ளைகளிடம் உண்மையைப் பதமாகச் சொல்வதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். என் சொந்த ஊர்க்காரனிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் மாரிச்சாமி என்னை நம்பிச் சொன்னதை உடைத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால், ஒருவேளை அவன் திரும்பாமலே போனால், அந்த வீட்டுக்கு நான் சொன்ன அத்தனை பொய்யும் என் தலையில் வந்து விழும்.

மூன்றாம் நாள் காலையில் முத்துராஜ் கூப்பிட்டபோது அழுகைச் சத்தம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

'அக்கா, இங்கன சொந்தக்காரவிய எல்லாம் வந்துட்டாவ. அடுப்பு பத்தவைக்கல. அவன் கூட்டாளிப் பயலுவ கோவில்பட்டிக்குப் போயி நீங்க அனுப்புன படத்தயே வச்சு பிளக்ஸ் போர்டு அடிச்சிட்டு வந்துட்டானுவ. பத்தடிக்கு எட்டடி. நாந்தான் கட்டவிடாம கைல வச்சிக்கிட்டு நிக்கேன். ஒரே வார்த்த சொல்லுங்க. கட்டவா, கிழிக்கவா?'

நான் எடுத்த படம். வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்ட படம்.

'அண்ணாச்சி, அவன் மீன் கம்பெனில இல்ல. கடல்ல இருக்கான். மீன் பிடிக்கப் போற படகு. நான் அனுப்புன அன்னைக்குக் காலையில போனவன், இன்னும் கரைக்கு வரல. இங்கன காத்து பலமா அடிக்குது. அவன் உசுரோட இருக்கான்னு சொல்ல எனக்குத் தெரியாது. இல்லன்னு சொல்லவும் தெரியாது. சத்தியமா தெரியாது.'

அவருக்குப் பின்னால் ஒரு ஆடு கத்தியது.

'கடலா?' என்றார். 'நீச்சலே தெரியாதே அவனுக்கு. எங்க கம்மாய்ல எங்க தண்ணி கெடந்துச்சு, அவன் படிக்க?' பிறகு, 'கட்டல. கிழிக்கவும் இல்ல. சுருட்டி வைக்கேன்' என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான்காம் நாள் மத்தியானம் படகு வந்தது. தேநீர் கொடுத்த பெரியவர்தான் போன் செய்தார். நான் யூனிபார்மோடு ஓடினேன். மாரிச்சாமி ஏணியில் ஏறி வந்தான். கண் உள்ளே போயிருந்தது, உதடு உப்பில் வெடித்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். 'ஏங்க்கா சொன்னீங்க?' என்றான் கோபமாக. வீடியோ காலைப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். 'நாந்தாம்மா, நாந்தாம்மா' என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் ஒளித்துவைத்த கடல், படகு, கயிறு எல்லாம் அவன் தலைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தன. மறைக்க அவன் முயலவில்லை. போனுக்குள்ளிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. முதலில் அழுகை, பிறகு வசவு, பிறகு ஒரே ஒரு பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

'அத நாங்க யாரும் கிழிக்கமாட்டோம்லே. பெத்த பிள்ள மொகத்த எவ கிழிப்பா? நீ வந்து ஒங் கையால கிழி. அதுவரைக்கும் அது பரண்லதான் கெடக்கும்.'

அவன் 'வாரேம்மா' என்றான். 'வருகிறேன்' என்று நானும் என் வீட்டுக்கு எத்தனையோ தடவை இதே குரலில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்துக் காற்று நின்றதும், படகு மறுபடி மீன்பிடிக்கக் கிளம்பத் தயாரானது. வழியனுப்பப் போனேன், கேமரா இல்லாமல். அவன் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டே, 'அந்த போர்டு எத்தன அடிக்கா?' என்று கேட்டான்.

'பத்துக்கு எட்டுன்னு ஒங்கண்ணன் சொன்னாரு.'

மனதுக்குள் அளந்து பார்த்தான் போலிருக்கிறது. 'எங்க வீட்ல நான் பாய் விரிக்குத எடம்கூட அம்புட்டு கெடையாதுக்கா' என்றான். படகிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். ஏறிப் போய்விட்டான்.