பலூன் கடைத் துப்பாக்கி

போன வாரம் வேங்கிக்காலில் ஒரு கல்யாண ரிசப்ஷன். போட்டோகிராபர் கொண்டுவந்திருந்த பொம்மைத் துப்பாக்கியை மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆளாளுக்கு வாங்கி, ஒருத்தன் நெற்றியில் இன்னொருத்தன் வைத்து போஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் அண்ணன் மகன் அதை என் பக்கம் திருப்பி, "அத்தை, ஹேண்ட்ஸ் அப்!" என்றான்.

"கீழ போடுடா!"

நான் போட்ட சத்தத்தில் மேடையில் பாட்டே நின்றுவிட்டது.

"பொம்மைதான், அத்தை... சும்மா, ஜாலிக்கு."

பாவம், அவன் முகம் சுருங்கிப்போனது. கிழவிக்கு பி.பி. ஏறிவிட்டது என்று நாலு பேர் நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். அவனிடம் அன்று சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், திருவண்ணாமலையில் தீபத் திருவிழா என்றால் எங்களுக்குப் பத்து நாள் சுதந்திரம்! சாமி எந்த வாகனத்தில் வருகிறார் என்பதைவிட, எந்தக் கடை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கும் மல்லிகாவுக்கும் முக்கியம். பி.யூ.சி.யில் ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ், கையில் போடும் வளையல்கூட ஒரே கலர். கார்த்திகைத் தூறலில் தாவணி ஓரமெல்லாம் சேறு. தேரடித் தெருவில் மிளகாய் பஜ்ஜி வாசனை, ராட்டினத்தின் கிறீச் சத்தம், கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து வண்டி கட்டி வந்து இறங்கும் ஜனம்... அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன் சுடும் கடை. பலகையில் வரிசையாக பலூன்கள், சுடுவதற்கு ஒரு ஏர்கன். அதன் லட்சணம் ஊருக்கே தெரியும் — நேராகக் குறி வைத்தால் குண்டு இடது பக்கம் போகும். யாரும் ஜெயித்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. அந்தத் துப்பாக்கியால் யானையைக்கூட சுட முடியாது என்பது எங்கள் காலேஜ் ஜோக்.

ஏழாம் நாள், தேர் அன்று மத்தியானம். நான் சுட்ட நாலு குண்டும் வீண். சுற்றி நின்ற பையன்கள் சிரித்தார்கள். பலகை ஓரமாக நின்ற மல்லிகா எல்லாரையும்விட ஜாஸ்தியாகச் சிரித்தாள்.

"ஏண்டி, பலூன் உன்னப் பாத்து பயந்துக்கினு ஓடுதா?"

"இரு, உன்னையே சுடறேன்!"

"ஆளப் பாத்து நீட்டாதம்மா!" — கடைக்காரர் கத்தினார். காதில் விழுந்தது. ஆனாலும் என்ன? இந்தத் துப்பாக்கி யார் மேல் படப்போகிறது?

குண்டிலிருந்து தப்பிப்பது போல் மல்லிகா விளையாட்டாக ஒரு பக்கம் சாய்ந்தாள். அது என் இடது பக்கம். நான் அழுத்திவிட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்து மெட்ராஸ் வரை கொண்டுபோனார்கள். மல்லிகாவின் வலது கண் போனது போனதுதான்.

"கை தவறிடுச்சு" என்று அழுதேன். எல்லாரும் நம்பினார்கள். பொம்பளைப் பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுத்ததற்காகக் கடைக்காரரை அடித்து, கடையைப் பிரித்துப் போட்டார்கள். எச்சரித்த ஒரே மனுஷர் அவர்தான்! நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது பேப்பரைத் திறந்தால், எங்கோ ஒரு ஊரில் பள்ளிக்கூடப் பையன் கையில் துப்பாக்கி. நமக்கெதற்கு என்று அடுத்த பக்கம் போய்விடுகிறோம். நம் ஊர்ப் பிள்ளைகள் செல்போனில் சுடுகிறார்கள், ரீல்ஸில் சுடுகிறார்கள், கல்யாண ஆல்பத்திலும் சுடுகிறார்கள். துப்பாக்கி பொம்மையாகவே இருக்கட்டும்... எதிரில் நிற்பது மனுஷன்தானே? மனுஷனைப் பார்த்து நீட்டக் கூசாத கை எப்படி உருவாகிறது என்று எனக்குத் தெரியும். அது என் தோளில்தான் தொங்குகிறது.

இதை எழுதலாமா என்று கேட்க நேற்று மல்லிகாவுக்கு போன் போட்டேன்.

"எழுது. ஆனா கை தவறிடுச்சுனு மட்டும் எழுதாத. நீ ஒரு கண்ண மூடிக்கினு, சிரிச்சிக்கினே குறி பாத்த. ரெண்டு கண்ணாலயும் நான் கடைசியா பாத்தது அதைத்தான்டி."

கை தவறவில்லை. எழுதிவிட்டேன், மல்லிகா.