லில்லி பில்லி ஜூஸ்

ரோட்டோரத்து மரத்தில பழம் புடுங்குறதுக்கு இஞ்ச ஒரு இங்கிலிஷ் பேர் இருக்கு, ஃபோரேஜிங். அந்தப் பேர் தெரியுமட்டும் நான் செய்தது களவு மாதிரித்தான் இருந்தது. தெரிஞ்சாப் பிறகு பொழுதுபோக்காப் போச்சு.

டூங்கபியில எங்கட வீட்டுக்குப் பின்னால ஓடுற ஓடைக்கரையில நாலைஞ்சு லில்லி பில்லி மரம் நிக்குது. நாவல் மரத்துக்குச் சொந்தக்காரன். ரோஸ் கலரில குட்டிக் குட்டிப் பழம், புளிக்கும், கொஞ்சம் துவர்க்கும். அதைப் பை பையாப் புடுங்கி நசிச்சு, சீனியும் தண்ணியும் விட்டு, வாளியில போட்டுத் துணியால மூடி கராஜுக்குள்ள வச்சால் தன்ர பாட்டில நுரைக்கும். பிறகு பழைய சோடாப் போத்திலில அடைக்கிறது. பிளாஸ்டிக் எண்டால் விரலால அமத்திப் பாக்கலாம், கல்லு மாதிரி இறுகினால் காஸ் ஏறீட்டுது எண்டு அர்த்தம். ஒஃபிசில "வைல்ட் ஃபெர்மெண்ட்" எண்டு சொன்னன், எல்லாரும் வாயைப் பிளந்தினம். கள்ளு எண்டு சொல்லியிருந்தால் ஆரும் திரும்பியும் பாத்திருக்க மாட்டினம்.

இதுக்கு முதல் புல்லுக்குள்ள பூக்கிற மஞ்சள் பூவில ஒண்டு செய்தனான். மனுசி ஒரு வாய் குடிச்சுப்போட்டு, "சப்பாத்துக்குள்ளயோ ஊறவச்சனீங்கள்?" எண்டு கேட்டவ. அதால, இந்த முறை ஆராவது நல்லாயிருக்கெண்டு சொல்லோணும் எண்டு எனக்கு ஒரே தவிப்பு.

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. மனுசி கடைக்குப் போட்டா. குவேக்கர்ஸ் ஹில்லில இருந்து அவவின்ர சொந்தத்தில ஒரு அன்ரி வந்து நிண்டவ. வெள்ளியில முட்டை போட்ட கேக்கும் தொடாத ஆள்.

அந்த நேரம் ஒரு தம்பி வந்தான். தம்பி எண்டாலும் நாப்பது தாண்டீட்டுது. வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில அவனை அடைச்சு வச்சிருந்த காலத்தில நாங்கள் சாப்பாடு கொண்டுபோய்ப் பாத்த பழக்கம். வெளியில வந்து இத்தனை வருசமாகியும் தற்காலிக விசாதான். ஒரு சின்னப் பொலிஸ் கேஸ் வந்தாலும் விசாவில கை வச்சிடுவாங்கள் எண்டு பயந்து, ஆளில்லாத ரோட்டிலயும் பச்சை லைற் எரியுமட்டும் நிப்பான். ரெண்டு தரம் ஃபெயிலாகித்தான் லைசன்ஸ் எடுத்தவன். பழைய கார் ஒண்டு வாங்கி, புது லைசன்ஸ்காரர் கொழுவுற சிவப்பு பி பிளேட் போட்டு, அதைக் காட்டத்தான் வந்தவன்.

"என்ன தம்பி, தலை நரைச்சாப் பிறகோ பி பிளேட்?" எண்டு பகிடியும் விட்டனான். பி பிளேட்காரர் ஒரு சொட்டுக் குடிச்சாலும் கார் ஓடக்கூடாதெண்டு என்ர மகளுக்கு வகுப்பெடுத்தவனும் நான்தான்.

லைசன்ஸ் எடுத்த சந்தோசத்துக்கு ஏதாவது குடுக்கோணுமெல்லோ. மூண்டு கிளாஸ் ஊத்தினன்.

அவன் மணந்து பாத்தான். "அண்ணை, இதுக்குள்ள ஏதும் இருக்கோ?"

"ஓம், வைட்டமின் சி இருக்கு. குடியும், ஜூஸ்தான்."

பக்கத்தில அன்ரி. உண்மையைச் சொன்னால் ரெண்டு பேரும் கிளாஸை வச்சிடுவினம். எனக்கு ரசிகர் வேணும்.

"நல்லாயிருக்கு தம்பி. வயித்துக்கும் சுகமாயிருக்கு" எண்டு அன்ரி என்னிட்டை இன்னொரு கிளாஸ் கேட்டா. அவனும் மரியாதைக்கு இன்னொண்டு குடிச்சான். அந்தப் போத்தில் என்ர மறதியால கராஜுக்குள்ள கனநாள் கூடக் கிடந்து வெறி ஏறினது. அன்ரியின்ர கன்னம் லில்லி பில்லிக் கலருக்கு வந்திட்டுது.

அவன் கார்த் திறப்போட எழும்பினான். "வேலைக்கு நேரமாகுது அண்ணை. போட்டு வாறன்."

நான் எழும்பி அவனுக்கு முன்னால போய் நிண்டன்.

"இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்."

"வேண்டாம் அண்ணை."

"வடை சுடச் சொல்லுறன்."

"ஆரிட்டை? அக்கா கடைக்கெல்லோ போட்டா."

அந்த நேரம் பாத்து மனுசி வந்து இறங்கினா. மேசையில போத்திலைப் பாத்தா, வாசலில திறப்போட நிக்கிறவனைப் பாத்தா. என்னைக் குசினிக்குள்ள இழுத்தா.

"என்னத்தைக் குடுத்தனீங்கள் அவனுக்கு?"

"மெல்லக் கதையும். அன்ரி இருக்கிறா."

"அன்ரிக்குமோ குடுத்தனீங்கள்?"

"ரெண்டு கிளாஸ்."

"ஐயோ! போய்ச் சொல்லுங்கோ அவனிட்டை. இல்லாட்டி நான் சொல்லுவன்."

வெளியில கார் ஸ்டார்ட்டாகிற சத்தம். ஓடினன். அந்த ஓட்டத்திலயும் பாருங்கோ, அன்ரிக்குக் கேக்கக் கூடாதெண்டு வாசல் கதவைச் சாத்திப்போட்டுத்தான் ஓடினன்.

கார்க் கண்ணாடியைத் தட்டினன். "தம்பி, அது கொஞ்சம் புளிச்ச சாமான். லைற்றாத்தான்."

அவன் எஞ்சினை நிப்பாட்டினான். இறங்கி, புல்லுக்குத் தண்ணி விடுற பைப்படிக்குப் போய் வாயைக் கொப்பளிச்சான். திரும்பத் திரும்பக் கொப்பளிச்சான். விரலால நாக்கைத் தேச்சான். உள்ளுக்குப் போனதைக் கழுவேலாதெண்டு அவனுக்குத் தெரியாமலில்லை.

"நான் கேட்டனான்தானே அண்ணை" எண்டான்.

திட்டியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுச் சமாளிச்சிருப்பன். திட்டேல்லை. 'நான் கொண்டுபோய் விடுறன்' எண்டு சொல்ல வாயெடுத்தன். நானும் குடிச்சிருக்கிறன். கடைசியா மனுசிதான் தன்ர காரில அவனை வேலைக்குக் கொண்டுபோனா.

உள்ளுக்கு வந்தால், அன்ரி மற்றப் போத்திலை அமத்திப் பாத்துக்கொண்டிருக்கிறா. "தம்பி, இதில ஒண்டு தாங்கோவன். கோயில் ஆக்களுக்கும் குடுப்பம்."

முதல் தரமா அதின்ர சரியான பேரைச் சொன்னன். "அன்ரி, அது கள்ளு."

அவ போத்திலை மேசையில வச்சா. எழும்பி முழுகப் போட்டா.

அடுத்த நாள் மத்தியானம் அவன் வந்து, பெல்லும் அடிக்காமல் காரை எடுத்துக்கொண்டு போனான். நான் திரைச்சீலைக்குப் பின்னால நிண்டு பாத்தன். கதவைத் திறக்கக் கை வரேல்லை.

மகளின்ர பிறந்தநாளுக்கு மனுசி கூப்பிட்டவ, வந்தான். சிரிச்சுக் கதைச்சான், கேக் வெட்டேக்குள்ள கையும் தட்டினான். நான் கிளாஸ் ஒண்டை எடுத்து, அவன் பாக்கத்தக்கதா குசினிப் பைப்பைத் திறந்து, தண்ணி பிடிச்சுக் குடுத்தன்.

"தாங்ஸ் அண்ணை" எண்டு வாங்கி மேசையில வச்சான். பிறகு தன்ர பையுக்குள்ள இருந்து தண்ணிப் போத்திலை எடுத்துக் குடிச்சான்.